கடற்கரை ஊரில் மொட்டைமாடி ஹாம் நிலையம்: 40 மீட்டர் ஆண்டெனா, உப்புக்காற்று, இரைச்சல்

#1 தேவனாம்பட்டினம்_மாடி

வணக்கம். ஹாம் வானொலிக்கான (அமெச்சூர் ரேடியோ) ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, அதாவது தொடக்கநிலை உரிமம் கைக்கு வந்துவிட்டது. முதலில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) பேச ஆசை. வீடு கடலூர் தேவனாம்பட்டினம், கடலில் இருந்து 600 மீட்டர் இருக்கும். மாடி 12-க்கு 7 மீட்டர், நடுவில் மாடிப்படி அறை, அதன் உயரம் 2.4 மீட்டர். கிழக்குப் பக்கம் தெருவில் மின்கம்பி போகிறது. ரிக் (வானொலிப் பெட்டி) 100 வாட், 50-க்குக் குறைத்துத்தான் ஓட்டப்போகிறேன்.

அரை அலைநீளமான 20 மீட்டர் கம்பியை இந்த மாடிக்குள் எப்படி அடக்குவது? கடல் பக்கத்தில் இருப்பதால் வெர்ட்டிகல் (செங்குத்து ஆண்டெனா) போட்டால் பிரமாதமாக எடுக்கும் என்கிறார்கள், சரியா? உப்புக்காற்றுக்கு என்ன செய்ய வேண்டும்?

#2 கெடிலக்கரை

வாழ்த்துகள் தம்பி. 40 மீட்டரில் ஆரம்பிப்பது நல்ல முடிவு. காலை வேளையில் அந்த பேண்டில் தமிழ்ப் பேச்சு கேட்காத நாள் குறைவு.

வெர்ட்டிகல் கதையை முதலில் முடித்துவிடுவோம். உப்புத் தண்ணீர் தாழ்ந்த கோணத்தில் போகும் அலைக்கு உதவுவது உண்மை. ஆனால் ஆண்டெனா அலை அடிக்கிற இடத்திலேயே, தண்ணீரை ஒட்டி நின்றால்தான் அந்தப் பலன். 600 மீட்டர் உள்ளே, கான்கிரீட் தளத்தின் மேல் நிற்கும் வெர்ட்டிகலுக்குக் கடல் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதோடு வெர்ட்டிகல் தலைக்கு நேர்மேலே ஏறக்குறைய எதையும் அனுப்பாது. பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் சென்னையும் மதுரையும் கோவையும் கேட்கின்றன என்றால், அலை செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி விழுவதால்தான். 150 முதல் 400 கிலோமீட்டர் வரை பேச வேண்டுமா, தாழ்வாகக் கட்டிய டைபோலே (நடுவில் கேபிள் இணைத்த இரு கைக் கம்பி) போதும். ஆறேழு மீட்டர் உயரம் குறையே இல்லை.

உங்கள் மாடிக்கு இன்வெர்ட்டட் வீ, அதாவது நடு உயர்ந்து இரு கையும் சரிந்த டைபோல். கணக்கு இப்படி: மாடியின் மூலைவிட்டம் 13.9 மீட்டர். நடுக்கம்பத்தின் உச்சி தளத்தில் இருந்து 6 மீட்டர், இரண்டு எதிர் மூலைகளிலும் 2.5 மீட்டர் உயரத்தில் சிறு கம்பு. உச்சிக்கும் மூலைக்கும் இடையே கம்பி 7.8 மீட்டர் எடுக்கும். ஒரு கை ஏறத்தாழ 9.9 மீட்டர் வரும், மீதி 2 மீட்டர் சொச்சத்தை அதே 2.5 மீட்டர் உயரத்தில் கைப்பிடிச் சுவரின் நீளவாக்கில் திருப்பிக் கட்டுங்கள். முனைகளில் மின்னோட்டம் குறைவு, அங்கே வளைத்தால் இழப்பு சொற்பம். நடுவில் வளைக்காதீர்கள், வேலை செய்யும் பகுதியே அதுதான். உச்சிக்கோணம் 126 டிகிரி வருகிறது, அருமை. 90-க்குக் கீழே மட்டும் போக விடக்கூடாது.

நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1-க்கு 20.14 மீட்டர். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைக் கம்பி போதும், ஆனால் மேலுறை இருப்பதால் இன்னும் மூன்று சதவீதம்போல் குறையும். கூடுதலாகவே விட்டு 20.4 மீட்டரில் தொடங்கி, அளந்து அளந்து குறையுங்கள்.

மின்கம்பி விஷயத்தில் சமரசமே கிடையாது. கம்பமோ கம்பியோ எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அறுந்து பறந்தாலும், தெருக்கம்பியைத் தொடாத மூலைவிட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கு மூலை எட்டும் தூரத்தில் இருந்தால் அந்த மூலையையே விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேற்கே ஒடுக்கிக் கட்டுங்கள். சிக்னல் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

#3 லாஸ்பேட்டை_அலை

அண்ணா சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. சின்ன மாடிக்கு எண்ட்-ஃபெட் ஹாஃப் வேவ் (ஒரு முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி) இன்னும் வசதி. நடுக்கம்பம் கேபிளின் எடையைச் சுமக்க வேண்டாம். ஒரே 20 மீட்டர் கம்பியில் 40, 20, 15, 10 நான்கும் கிடைக்கும். ஊட்டும் முனையில் வைக்கும் மின்மாற்றிக்கு எஃப்டி240-43 ஃபெரைட் கோர் ஒன்று, முதல்நிலை 2 சுற்று, இரண்டாம்நிலை 14 சுற்று, முதல்நிலைக்குக் குறுக்கே உயர் வோல்டேஜ் தாங்கும் 100 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர். புதுச்சேரியில் இடநெருக்கடி உள்ள மாடிகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

#4 கெடிலக்கரை

நான்கு பேண்ட் கிடைப்பது சரிதான். ஆனால் கடற்கரையில் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஊட்டும் இடத்தின் மின்தடை 2450 ஓம் பக்கம். 50 வாட் போட்டாலே அங்கே 350 வோல்ட் நிற்கிறது, உச்சம் 495. மின்மாற்றிப் பெட்டிக்கு மேல் உப்புப் படலம் ஏறி, பனி ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் அதன் மேலேயே கசியும், காலையில் ஒரு எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் சிறந்தது), மதியம் வேறொன்று என்று காட்டும். டைபோலின் நடுப்பகுதி 50 ஓம் பக்கம். அதே 50 வாட்டுக்கு அங்கே 50 வோல்ட்தான்.

இன்னொன்று, எண்ட்-ஃபெட்டில் கேபிளின் வெளிப்பின்னலே மறுபாதி ஆண்டெனாவாகிவிடும். வீட்டுக்குள் மைக்கைத் தொட்டால் சுரீர் என்பது, ஸ்பீக்கர் கரகரப்பது எல்லாம் இதனால் வருபவை. போடுவதென்றால் 2 மீட்டர் எதிர்க்கம்பி கட்டி, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சோக்கும் (கேபிளின் வெளிப்புறம் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) வையுங்கள். எஃப்டி8-ல் (கணினி வழி டிஜிட்டல் முறை) முழு பவரில் ஓட்டினால் அந்த ஒற்றைக் கோர் சூடாகும். 25 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

#5 முதுநகர்_மின்வேலை

உப்பைப் பற்றி நான் சொல்கிறேன். கடலூரில் ஆண்டெனா கெடுவது கம்பியில் அல்ல, இணைப்பில்.

கேபிள் முனையில் மாட்டும் பிஎல்-259 கனெக்டருக்குத் தண்ணீர் தடுக்கும் அமைப்பே கிடையாது. சும்மா இன்சுலேஷன் டேப் சுற்றி விட்ட கனெக்டரை ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றிப் பாருங்கள்: நடு ஊசியைச் சுற்றிப் பச்சைப் பொடி, கேபிளை ஓரடி உரித்தால் செம்புப் பின்னல் கறுத்து, விரலால் தேய்த்தால் உதிரும். பின்னல் திரி போல ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போவதால் வருகிற கேடு இது. கனெக்டரை மட்டும் மாற்றினால் தீராது, கறுப்பு முடியும் இடம் வரை கேபிளை வெட்ட வேண்டும்.

செய்முறை: கனெக்டரை 80 வாட்டுக்குக் குறையாத இரும்பால் பற்றவையுங்கள். 25 வாட் இரும்பில் உடல் சூடேறாமல் ஈயம் உருண்டையாக உட்காரும், ஒட்டாது. முடித்ததும் இழைகளில் சிலிக்கான் கிரீஸ் தடவி இறுக்குங்கள். அதன் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி கீழிருந்து மேலே சுற்றுங்கள். ஓடு வேய்வது போல, கீழ்ச்சுற்றின் மேல் மேல்சுற்று படிய வேண்டும். அதற்கும் மேல் வெயில் தாங்கும் கறுப்பு வினைல் டேப். ரப்பர் டேப் வெயிலில் நேரடியாகக் கிடந்தால் வெடித்துவிடும்.

சிலிக்கான் சீலன்ட் வாங்கும்போது மூக்கைப் பயன்படுத்துங்கள். வினிகர் வாசனை அடித்தால் அதில் அசிட்டிக் அமிலம் வெளியாகிறது, செம்பை அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எப்பாக்ஸி களிம்பு வேண்டாம், வெயிலில் விரிந்து சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும், அந்த வழியே நீர் இறங்கும்.

செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் கரைந்துபோகும், நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் போடுங்கள். போல்ட், நட், யூ-கிளாம்ப் எல்லாம் 316 தரம். 304 தரத்திலும் இங்கே துருப்புள்ளி விழுகிறது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு சாண் ஆழத்துக்குத் தொங்கலாக விடுங்கள், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

#6 தேவனாம்பட்டினம்_மாடி

மிக்க நன்றி சார். கம்பத்துக்கு ஜிஐ பைப் வாங்கவா? கேபிள் ஆர்ஜி-58 போதுமா, ஆர்ஜி-213 வேண்டுமா? ரிக்கில் இருந்து உச்சி வரை 18 மீட்டர் வரும்.

#7 முதுநகர்_மின்வேலை

சவுக்குக் கம்பு வாங்குங்கள், நம் மாவட்டத்தில் அதற்கு என்ன பஞ்சம்! நேரான 6 மீட்டர் கம்பை மாடிப்படி அறையின் சுவரோடு இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டால் தளத்தில் இருந்து 6 மீட்டர் உச்சி கிடைக்கும். அடிமுனைக்குத் தார் பூசி, தண்ணீர் தேங்காமல் செங்கல் மேல் நிறுத்துங்கள். மூன்று பக்கம் இழுவைக் கயிறு, ஒன்றுக்கொன்று 120 டிகிரி.

உச்சியில் ஆண்டெனாவை நிரந்தரமாகக் கட்டாதீர்கள். கப்பி ஒன்று மாட்டி, கயிற்றில் ஏற்றி இறக்கும்படி வையுங்கள். படகுச் சாமான் விற்கும் கடைகளில் ஸ்டெயின்லெஸ் கப்பியும் நல்ல கயிறும் கிடைக்கும். நைலான் கயிறு நனைந்தால் நீளும், ஆண்டெனா தொய்யும். பாலியெஸ்டர் கேட்டு வாங்குங்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தது நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல், புதுச்சேரி அருகே. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால் ஆண்டெனாவை இறக்கிச் சுருட்டி உள்ளே வையுங்கள், காற்று அடங்கியதும் ஏற்றலாம். புயலுக்குப் பிறகு மின்சாரமும் செல்போனும் இல்லாத நாட்களில்தான் இந்த ஆண்டெனா ஊருக்குத் தேவை. புயலின் நடுவே அது மேலே நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

#8 கெடிலக்கரை

கேபிள்: 7 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58-இன் இழப்பு நூறு மீட்டருக்கு 4 டெசிபெல் அளவு. 18 மீட்டரில் 0.7. காதுக்கு வித்தியாசமே தெரியாது, ஆகவே 40 மீட்டருக்கு அது தாராளம். அதே கேபிளை 145 மெகாஹெர்ட்ஸில் போட்டால் 18 மீட்டரில் 3.5 டெசிபெல் போய்விடும், பாதிக்கு மேல் கேபிளிலேயே சூடாகிறது. இரண்டு மீட்டர் பேண்டுக்குத்தான் ஆர்ஜி-213 அல்லது அதற்கு மேல்.

நடுவில் சோக் கட்டாயம். எஃப்டி240-31 கோரில் அதே ஆர்ஜி-58-ஐ 12 சுற்று. உள்ளே திடமான பாலிஎதிலீன் உள்ள கேபிளாக இருக்கட்டும். நுரை வகையை இறுக்கி வளைத்தால் வெயில் சூட்டில் நடுக்கம்பி மெல்ல நகர்ந்து பின்னலைத் தொடும்.

மாடியில் துணி காயப்போடும் ஜிஐ கம்பி இருக்கிறதா? ஆண்டெனாவுக்கு இணையாக ஓடினால் அது சக்தியை வாங்கிக்கொள்ளும், எஸ்டபிள்யூஆரும் நிலையாக நிற்காது. நைலான் கொடியாக மாற்றிவிடுங்கள். துணி எடுக்க வருபவர் கை ஆண்டெனா முனையில் படவும் கூடாது. 2.5 மீட்டர் உயரம் சொன்னதற்கு அதுவும் காரணம்: முனையில் வோல்டேஜ் அதிகம், தொட்டால் தோல் சுடும்.

#9 வில்லியனூர்_புதியவர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் தேர்வு எழுதவில்லை. புதுச்சேரிக்குத் தனி விதி உண்டா? ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் எதை எழுதலாம்? அதுவரை ஹேண்டி (கையடக்க வானொலி) வாங்கிப் பேசலாமா?

#10 லாஸ்பேட்டை_அலை

தனி விதி எதுவும் இல்லை. உரிமம் தருவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு, நாடு முழுவதும் ஒன்றுதான். 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் வானொலிக் கோட்பாடு, விதிமுறைகள் இரண்டும் வரும், மோர்ஸ் கிடையாது, பவர் 50 வாட் வரை. ஜெனரலுக்கு மேற்கொண்டு மோர்ஸ் நிமிடத்துக்கு 8 சொல், பவர் 400 வாட் வரை. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபெல், எஸ்-மீட்டரில் (சிக்னல் வலிமை காட்டும் மீட்டர்) அரைப் புள்ளி. ரெஸ்ட்ரிக்டட் எழுதிவிட்டுக் காற்றில் இருந்துகொண்டே மோர்ஸ் பழகுவது நல்லது.

உரிமம் இல்லாமல் ஹேண்டியின் பிடிடி-யை (பேசும் பொத்தான்) அழுத்தக்கூடாது, ஒரு வாட்டாக இருந்தாலும். அதுவரை கேளுங்கள். எஸ்எஸ்பி (ஹாம்கள் பேச்சுக்குப் பயன்படுத்தும் முறை) எடுக்கும் ரிசீவரில் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை, எல்எஸ்பி-யில் (அதன் கீழ்ப்பக்க வகை) வைத்துக் காலை 6-க்கும் 8-க்கும் இடையில் மெதுவாகச் சுழற்றுங்கள். யார் எப்படி அழைக்கிறார், அழைப்புக்குறியை எப்படி எழுத்துக் கூட்டுகிறார், ரிப்போர்ட் எப்படிக் கொடுக்கிறார், எப்போது இடைவெளி விடுகிறார் என்று கவனித்து எழுதிவையுங்கள். தேர்வுக்குப் படிக்கும் விதிகளில் பாதி அதிலேயே புரியும்.

#11 காலாப்பட்டு_வான்

வில்லியனூர் நண்பருக்கு இன்னொரு வழி. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவி) 437.800 மெகாஹெர்ட்ஸில் ஹேண்டியாலேயே கேட்கலாம். உரிமம் வந்த பின் 145.990-இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு அனுப்பலாம். நிலையம் தலைக்கு மேல் கடந்துபோகும் ஒரு கடவை பத்து நிமிடம் நீடிக்கும். டாப்ளர் விலக்கம் (நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை மாறுவது) 437-இல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை, அதனால் ஹேண்டியில் ஐந்து நினைவகம் போட்டுவையுங்கள்: 437.810, 437.805, 437.800, 437.795, 437.790. நிலையம் எழும்போது முதல் எண், உச்சத்தில் நடு எண், இறங்கும்போது கடைசி. 145-இல் விலக்கம் 3.5 கிலோஹெர்ட்ஸ்தான், எஃப்எம்-க்கு அது பொருட்டல்ல.

கடலூர் சில்வர் பீச்சோ புதுச்சேரிக் கடற்கரையோ, கிழக்கே கட்டடம் மரம் எதுவும் மறைக்காது. கிழக்கில் இறங்கும் கடவையைத் தொடுவானம் வரை துரத்தலாம். கூடவே வரும் ரப்பர் ஆண்டெனாவை விட, ஸ்டீல் அளவு டேப்பை வெட்டிச் செய்யும் மூன்று உறுப்பு யாகி (ஒரு திசை நோக்கும் ஆண்டெனா) பல மடங்கு மேல். சிக்னல் மங்கினால் இடம் மாற்றாதீர்கள், யாகியை மணிக்கட்டில் 90 டிகிரி திருப்புங்கள். அலையின் சாய்வு மாறிக்கொண்டே இருப்பதால் அப்படித்தான் பிடிக்க வேண்டும். வீடு திரும்பியதும் டேப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

#12 தேவனாம்பட்டினம்_மாடி

ஒரு சந்தேகம். சின்ன கம்பி போட்டுக் கேட்டுப் பார்த்தேன். இரவில் எஸ்-மீட்டர் 7-க்குக் கீழே இறங்கவே இல்லை. வெறும் இரைச்சல்.

#13 முதுநகர்_மின்வேலை

ரிக்கை பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டு மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் சேர்த்து, அது தனியாக ஓடிக்கொண்டிருக்கும். மீட்டர் இறங்கினால் சத்தம் உங்கள் வீட்டுக்குள்தான். எம்சிபி-களை ஒவ்வொன்றாகப் போட்டு எதில் ஏறுகிறது என்று பாருங்கள். வழக்கமாக மாட்டுபவை மலிவு எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், மின்னணு ஃபேன் ரெகுலேட்டர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். பல்பை மாற்றுவது சுலபம். மற்றவற்றின் வயரை 31 வகை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். ஒரே ஒரு முறை நுழைத்துவிட்டால் 7 மெகாஹெர்ட்ஸில் பலன் அதிகம் இராது.

மெயினை அணைத்தும் இறங்காவிட்டால் வெளியில் இருந்து வருகிறது. கடற்கரையில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மின்கம்ப இன்சுலேட்டர்கள் மேல் உப்புப் படிந்து, பின்னிரவுப் பனியில் ஈரமானதும் சிறு பொறி விடும். 100 ஹெர்ட்ஸ் 'ர்ர்ர்' உறுமலாகக் கேட்கும். நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் மறுநாள் காணாமல் போகும், மழையில்லாத வாரங்களில் திரும்ப ஏறும். இந்தப் போக்கு தெரிந்தால் எந்தக் கம்பம் என்று கண்டுபிடித்து, கம்ப எண்ணோடு மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். எண் இல்லாமல் கொடுத்தால் அவர்கள் தேடுவது கஷ்டம். நீங்களே கம்பத்தைத் தட்டிப் பார்க்கவோ இழுவைக் கம்பியை அசைக்கவோ கூடாது.

#14 கெடிலக்கரை

பேட்டரி பேச்சு வந்ததால்: 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்று இருந்தால் எஸ்எஸ்பி-யில் 50 வாட்டுக்கு ஒன்பது மணி நேரம் போல வரும். கேட்கும்போது 1 ஆம்பியர், பேசும்போது சராசரி 6, ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசுவதாகக் கணக்கு. எஃப்டி8 என்றால் மூன்றரை மணி நேரம்தான்.

பவர் வயரைக் கவனியுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை 3 மீட்டர் ஓட்டினால், போக வர 6 மீட்டர், 20 ஆம்பியரில் 0.9 வோல்ட் விழுகிறது. பேச்சின் உச்சத்தில் ரிக் அணைந்து எழும், குரல் கரகரக்கும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.4-க்குள் நிற்கும். ஃபியூஸ் இரண்டு வயரிலும், பேட்டரியை ஒட்டி.

#15 லாஸ்பேட்டை_அலை

கேபிளைச் சோதிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. எஸ்டபிள்யூஆர் 1.2 காட்டுகிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஈரம் ஏறிய கேபிள் திரும்பி வரும் சக்தியையும் தின்றுவிடும், மீட்டருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆண்டெனாவைக் கழற்றி முனையைத் திறந்துவிட்டு, இந்தப் பக்கம் நானோவிஎன்ஏ-வில் (ஆண்டெனா அளக்கும் சிறு கருவி) ரிட்டர்ன் லாஸ், அதாவது திரும்பி வரும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. 18 மீட்டர் நல்ல ஆர்ஜி-58 என்றால் 7 மெகாஹெர்ட்ஸில் 1.4 டெசிபெல் பக்கம் காட்ட வேண்டும். 6 காட்டினால், அதாவது முனை திறந்தும் எஸ்டபிள்யூஆர் 3 என்றால், பாதி சக்தி கேபிளிலேயே போகிறது. புதிதாக வாங்கியதும் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள், மழைக்காலம் முடிந்து ஜனவரியில் மறுபடி.

#16 தேவனாம்பட்டினம்_மாடி

கட்டியாயிற்று. மேற்கு மூலைவிட்டம், தெருக்கம்பி எட்டாது. மொத்தம் 20.4 மீட்டர், சோக் உச்சியில். நானோவிஎன்ஏ-வில் பள்ளம் (எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடம்) 6.82 மெகாஹெர்ட்ஸில், எஸ்டபிள்யூஆர் 1.3. 7.1-க்கு எவ்வளவு வெட்ட?

#17 கெடிலக்கரை

20.4 × 6.82 ÷ 7.10 = 19.6. மொத்தம் 80 சென்டிமீட்டர், ஒரு கைக்கு 40. ஆனால் முதல் தடவை 30 மட்டும் குறையுங்கள். முனை சுவரோடு வளைந்து ஓடுவதால் கணக்கு கொஞ்சம் தள்ளிப்போகும். வெட்டாதீர்கள், பின்னோக்கி மடித்து அதே கம்பியோடு இறுக்கிச் சுற்றி டேப் போடுங்கள். இரண்டு கையும் ஒரே அளவு. கப்பியில் முழு உயரத்துக்கு ஏற்றிய பிறகுதான் அளக்க வேண்டும், தாழ்வில் இருக்கும்போது எண் கீழே காட்டும்.

காய்ந்த மதியம் ஒரு முறை, பனி இறங்கிய விடியலில் ஒரு முறை அளந்து இரண்டையும் இங்கே போடுங்கள். வித்தியாசம் 30 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் முனை இன்சுலேட்டரில் கசிவு, அல்லது வளைத்த பகுதி ஈரச் சுவருக்கு மிக அருகில். இல்லையென்றால் கம்பியை அப்படியே விட்டுவிட்டு, ரிக்கை 50 வாட்டில் வைத்துக் காலை 7 மணிக்கு அழையுங்கள். கடலூரும் புதுச்சேரியும் எம்கே91 கட்டத்தில்தான் (ஹாம்கள் இடம் சொல்லப் பயன்படுத்தும் வரைபடக் கட்டம்), கேட்பவருக்குச் சொல்ல உதவும்.